சந்துக்குள் வந்த கேமரா

2004 நவம்பரில் நான் எடுத்த படம் ஒன்று இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சாம்பல் நிறச் செங்கல் சுவர். சுவரை ஒட்டி இடுப்பு உயரத்துக்கு அடுக்கிய சீன முட்டைக்கோஸ். அதன் முன்னால் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, வாடிய மேலிலைகளை உரித்துப் போடும் ஒரு மூதாட்டி. பஞ்சு வைத்துத் தைத்த நீலக் கோட்டு, கம்பளித் தொப்பி. அவர் தலைக்குப் பின்னால், ஓட்டுக் கூரைகளுக்கு மேலே, மஞ்சள் கிரேன் ஒன்றின் நீண்ட கை. பழைய சீனாவும் புதிய சீனாவும் ஒரே படத்தில் அகப்பட்டுவிட்டன என்று அன்று நினைத்தேன். பெய்ஜிங் போய்ச் சேர்ந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது.

படத்தைப் பெரிதாகப் போட்டு அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என் வீட்டுக்காரம்மா. ஜன்னல் பக்கம் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் எடுத்திருக்கே. என் வாஷிங் மெஷினை ஏன் விட்டுட்டே?"

அது அவருடைய வலக்கைக்கு எட்டும் தூரத்தில், பிளாஸ்டிக் உறை போர்த்தி நின்றுகொண்டிருந்தது. அந்த வருடம்தான் வாங்கியிருந்தார். அது படத்தில் விழக் கூடாது என்று நான் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து நின்றது எனக்கு நினைவிருந்தது. பதில் சொல்ல முடியவில்லை. சீனாவைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களை ஒன்றுவிடாமல் தேடிப் பார்க்க ஆரம்பித்தது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

நான் கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவரின் மகன். ஹைப்போ வாசனையில் வளர்ந்தவன். அப்பா நெகட்டிவின் மேல் பென்சில் பிடித்து டச்சிங் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தவன். பெய்ஜிங்கில் கம்ப்யூட்டர் வேலை. மூன்று ஆண்டு ஒப்பந்தம். அலுவலகத்தார் அடுக்குமாடி வீடு பார்த்துக் கொடுத்தார்கள். நான்தான் பழைய நகரத்தில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக ச்சியேன்மென் வாசலுக்குத் தென்கிழக்கே ஒரு சந்தில் அறை பிடித்தேன். சீனத்தில் அம்மா வயதுள்ள பெண்களை 'ஆயி' என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு அது பழக வேண்டிய சொல்லாகவே இல்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பெற்றவளையும் பாட்டியையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆயிக்கு நான் 'சியாவ் குமார்', அதாவது சின்னக் குமார்.

பெய்ஜிங்கின் சந்துகளுக்கு ஹூத்தோங் என்று பெயர். மங்கோலியர் கொண்டுவந்த சொல் என்பார்கள். 13-ஆம் நூற்றாண்டில் குப்ளாய் கான் இங்கே தலைநகர் கட்டியபோது போட்ட ஒழுங்கில் பெரும்பாலான சந்துகள் கிழக்கு மேற்காக ஓடும். அப்போதுதான் வீடுகள் தெற்குப் பார்த்து அமையும். குளிர்காலத்தில் வெயில் உள்ளே வரும். முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டடம் கொண்ட அந்த வீட்டுக்கு சிஹயுவான் என்று பெயர். வாசல் தென்கிழக்கு மூலையில் இருக்கும். நுழைந்ததும் எதிரே ஒரு மறைப்புச் சுவர். நம் ஊர் முற்றம் வைத்த வீட்டில் வளர்ந்தவருக்கு அங்கே திசை தப்பாது.

ச்சியேன்மென்னுக்குத் தெற்கே உள்ள பகுதி கொஞ்சம் வேறு. 1553-இல் வெளிமதில் கட்டி நகரத்தோடு சேர்த்துக்கொண்ட வணிகர்களின் பேட்டை அது. சந்துகள் குறுகலானவை, சில கோணலானவை. வெளி மாகாணத்துக்காரர்கள் வந்து தங்கும் சங்க விடுதிகள், நாடகக் கொட்டகைகள், மருந்துக் கடைகள் எல்லாம் நெருக்கியடித்து நின்றன. ஆயியின் வீடு ஒரு காலத்தில் ஒரே குடும்பத்துக்கு இருந்தது. நான் போனபோது முற்றத்தைச் சுற்றி எட்டுக் குடும்பம். 1976-இல் தாங்ஷான் நிலநடுக்கம் வந்தபோது பெய்ஜிங் மக்கள் வீட்டுக்குள் படுக்கப் பயந்து முற்றத்தில் குடில் போட்டுக்கொண்டார்கள். நிலம் அடங்கிய பிறகும் குடில்கள் அடங்கவில்லை. செங்கல் வைத்துச் சமையல்கட்டு ஆயின. முற்றத்தில் ஓர் ஆள் நடக்க மட்டும் வழி மிஞ்சியது. குழாய் ஒன்றுதான், எட்டு வீட்டுக்கும் பொது. கழிப்பிடம் சந்து முனையில். காலையில் பக்கத்து வீட்டுக்காரர் புறாக்களைப் பறக்கவிடுவார். அவற்றின் வாலில் கட்டிய சிறு ஊதலில் காற்றுப் புகுந்து ஊளையிடும் ஓசை கூரைக்கு மேலே வட்டம் போடும். அந்த ஓசையைப் படம் பிடிக்க முடியாது என்று எத்தனையோ காலை வருந்தியிருக்கிறேன்.

சீனாவுக்குக் கேமராவை மேற்கத்தியர் கொண்டுவந்தார்கள் என்று எல்லாப் புத்தகமும் தொடங்கும். சிறு துளை வழியே போகும் ஒளி உருவத்தைத் தலைகீழாக்கிக் காட்டுவதை மோசியின் பெயரால் வழங்கும் சீன நூல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறது. 1844-இல் ஜூல் இத்தியே என்ற பிரெஞ்சுச் சுங்க அதிகாரி மக்காவிலும் குவாங்சோவிலும் டாகரோடைப் முறையில் வெள்ளித் தகட்டில் படம் பிடித்தார். சீனாவில் எடுக்கப்பட்டு இன்று மிஞ்சியிருக்கும் படங்களில் மிகப் பழையவை அவை. அதே ஆண்டில், அதே குவாங்சோவுக்குப் பக்கத்தில் நான்ஹாய் என்ற ஊரில் ச்சோ போச்சி என்ற அறிஞர் தானாகவே ஒளிப்பெட்டி ஒன்றைச் செய்து அதைப் பற்றிக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். பின்னாளில் தன்னையே கண்ணாடித் தகட்டில் படம் எடுத்தும் வைத்தார். இத்தியேயின் படங்கள் உலகம் சுற்றின. ச்சோ போச்சி வெகுகாலம் ஊருக்குள்ளேயே இருந்தார்.

பெய்ஜிங்கிற்குள் கேமரா வந்தது படையோடு. 1860-இல் இரண்டாம் அபினிப் போரின் கடைசிக் கட்டத்தில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளுடன் ஃபெலிசே பியாட்டோ வந்தார். இரண்டு ஆண்டுக்கு முன்பு லக்னோவில் இடிந்த மாளிகைகளைப் படம் எடுத்தவர் அவர்தான். அந்தப் படையில் நம்மவர்களும் இருந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் போர் விருதுகளில் தாக்கூ கோட்டையும் பீக்கிங் 1860-உம் இன்றைக்கும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தாக்கூ கோட்டைக்குள் கிடந்த சீன வீரர்களின் உடல்களைப் பியாட்டோ எடுத்தார். பிறகு நகரத்தின் தெற்கு வாசல் மேல் ஏறி, கூரைக் கடல் போல் விரிந்த பெய்ஜிங்கைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி அகலப் படமாக்கினார். அக்டோபரில் கோடைக்கால அரண்மனைகளை பிரிட்டிஷ் படை எரித்தது. ஒப்பந்தக் கையெழுத்து நாளில் இளவரசர் கோங்கை எடுக்க முயன்றபோது வெளிச்சம் போதவில்லை. நவம்பர் 2-ஆம் தேதிதான் அந்த உருவப்படம் அமைந்தது. இளவரசருக்கு அப்போது 27 வயது. எரிந்த அரண்மனைக்குரிய குடும்பத்தவர் எரித்தவர்களின் கேமரா முன் உட்கார்ந்திருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, 'பழைய சீனா' என்ற சொல்லை லேசாக எழுத எனக்குக் கை வரவில்லை.

அடுத்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன். 1868-இல் ஹாங்காங்கில் ஸ்டுடியோ போட்டு, 1872 வரை சீனாவின் ஆறுகளிலும் சாலைகளிலும் அலைந்தார். அது ஈரக் கொலோடியன் காலம். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் ஊற்றி, இருட்டில் வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, அப்படியே ஓடி டெவலப் செய்ய வேண்டும். மொத்தம் சில நிமிடம்தான் அவகாசம். கண்ணாடிப் பெட்டிகளும் ரசாயனப் புட்டிகளும் இருட்டுக் கூடாரமும் சுமக்கச் சீனக் கூலியாட்கள் இருந்தார்கள். 1873-74-இல் நான்கு பாகங்களாக வந்த அவருடைய பெருநூலில் 200 படங்கள். நாவிதர், பழம்பொருள் வியாபாரி, ஆற்றுப் படகோட்டி, மாண்டரின் அதிகாரி என்று ஒரு நாட்டையே வகைபிரித்து அடுக்கியது போல இருக்கும்.

அந்தப் படங்களில் எனக்குப் பிடித்தது, பெய்ஜிங்கில் யாங் என்ற செல்வரின் வீட்டு முற்றம். மர வேலைப்பாடு, மாடத்தில் பெண்கள், தொட்டிச் செடிகள். பார்த்தால் எவரும் 'அசல் பாரம்பரியம்' என்று எழுதிவிடுவார்கள். அந்த யாங், தாம்சன் வருவதற்கு முன்பே தன் வீட்டில் படம் பிடித்துப் பழகியவர். அறிவியல் கருவிகளில் ஆசை கொண்டவர். ரசாயனப் புட்டிகள் தாம்சனின் கூடாரத்தில் இருந்ததுபோலவே அந்த வீட்டுக்குள்ளும் இருந்தன. முற்றத்தின் படத்தில் அவை விழவில்லை. ஆயியின் வாஷிங் மெஷினைப் போல அவையும் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிட்டன.

என் சந்திலிருந்து மேற்கே அரை மணி நேரம் நடந்தால் லியூலிச்சாங். புத்தகம், மை, தூரிகை, பழம்பொருள் விற்கும் தெரு. 1892-இல் ரென் ச்சிங்தாய் என்பவர் அங்கே ஃபெங்தாய் என்ற ஸ்டுடியோவைத் திறந்தார். மாண்டரின்களும் நாடக நடிகர்களும் வந்து படம் எடுத்துக்கொண்ட இடம். 1905-இல் அதே ஸ்டுடியோ முற்றத்தில், பகல் வெளிச்சத்தில், பெய்ஜிங் நாடக நடிகர் தான் சின்பெய் 'திங்ஜுன் மலை' நாடகத்தின் சில காட்சிகளை நடிக்க, ரென் அதைச் சலனப்படமாக்கினார். சீனர்கள் எடுத்த முதல் திரைப்படம் என்று வரலாறு குறிப்பது அதைத்தான். புதிய கருவிக்கு முதலில் ஊட்டப்பட்டது பழைய நாடகம். நம் ஊரிலும் பேசும்படம் வந்ததும் மேடைப் புராணங்களையே தேடிப் போனார்கள் அல்லவா?

அரண்மனைக்குள்ளும் அதே ஆசை நுழைந்தது. பேரரசி சிஷி 1903-இலும் 1904-இலும் ஷுன்லிங் என்ற இளைஞரைக் கொண்டு தன்னை மீண்டும் மீண்டும் படம் எடுக்கச் சொன்னார். கண்ணாடியைப் பார்த்துக் கூந்தலில் பூச் செருகுவது போலவும், குவான்யின் தெய்வமாக வேடம் போட்டும் எடுத்துக்கொண்டார். பழமையின் உருவமாகவே உலகம் அறிந்த பெண், தன் முகம் உலகத்துக்கு எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதைக் கேமராவை வைத்துத் தானே தீர்மானித்தார்.

சாமானியருக்கு அது ஸ்டுடியோவில் நடந்தது. சீன ஸ்டுடியோக்களின் பழைய உருவப்படங்களில் ஆட்கள் நேராக உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு காதும் தெரியும். கால் பாதம் வரை முழு உடம்பும் இருக்கும். முகத்தில் நிழல் விழக் கூடாது. மூதாதையர் ஓவியங்களுக்கு உரிய இலக்கணம் அது. மேசையில் தேநீர்க் கோப்பை, பூச்சாடி, அவற்றோடு கட்டாயம் ஒரு கடிகாரம். மேற்கத்தியப் படக்காரர்கள் இதைக் கலையறியாமை என்றார்கள். அப்பாவின் ஸ்டுடியோவிலும் தாத்தா பாட்டிகள் இப்படித்தான் உட்காருவார்கள். முகத்தில் பாதி இருட்டாக விழுந்தால் "பாதி முகத்தைக் காணோமே" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். தன் முழு உருவமும், தன்னிடம் உள்ள நல்ல பொருளும் படத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பதில் என்ன அறியாமை? ச்சியேன்மென் பக்கத்தில் 1921-இல் தொடங்கிய தாபெய் ஸ்டுடியோ நாடக உடை போட்டுப் படம் எடுத்துத் தருவதில் பெயர் வாங்கியது. ஆயியின் மாமனாரும் மாமியாரும் அங்கே எடுத்துக்கொண்ட படம் அவர் அலமாரிக்கு மேலே மாட்டியிருந்தது. மாமனார் கையில் பட்டு விசிறி, சட்டைப் பையில் ஃபவுண்டன் பேனா.

இந்த நகரத்தை எடுத்தவர்களில் நான் ஆசானாக நினைப்பவர் ஹெட்டா மோரிசன். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர். 1933-இல் பெய்ஜிங்கில் ஹார்ட்டுங் என்ற ஜெர்மானிய ஸ்டுடியோவைப் பார்த்துக்கொள்ள வந்தார். ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஊரை விட்டுப் போகவில்லை. 1946 வரை இருந்தார். சைக்கிளில் சந்து சந்தாகப் போனார். ஜப்பானியர் நகரத்தைப் பிடித்துவைத்திருந்த எட்டு ஆண்டும் அதற்குள் அடக்கம்.

அவர் தொழில்களை எடுத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். சீப்பு செய்பவர், விளக்குக் கூடு ஒட்டுபவர், பொம்மை செய்பவர், சாணை பிடிப்பவர், தெரு நாவிதர். அந்தக் காலத்துப் பெய்ஜிங்கில் நாவிதர் கூவ மாட்டார். நீளமான இரும்பு இடுக்கி ஒன்றின் நடுவே கோலை இழுத்து ரீங்காரம் எழுப்புவார். சாணைக்காரர் இரும்புத் தகடுகளைக் கோத்துக் குலுக்குவார். வீட்டுக்குள் இருக்கும் பெண்களுக்கு ஓசையை வைத்தே யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். மோரிசனின் படங்களில் கை எங்கே இருக்கிறது, கருவி எந்தக் கோணத்தில் பிடிக்கப்படுகிறது, அடுத்த அடி எங்கே விழும் என்பது வரை தெரியும். தொழிலைப் பார்த்துப் புரிந்துகொண்ட பிறகே ஷட்டரை அழுத்தியிருக்கிறார். புதிய நகரத்தை, போர்க்கால நகரத்தை அவர் அதிகம் எடுக்கவில்லை. மறைந்துவிடும் என்று தெரிந்ததைத்தான் தேடித் தேடி எடுத்தார். அது அவர் படங்களின் எல்லை. ஆயினும் அவர் எடுத்த ஒரு மனிதரும் வெறும் அடையாளமாக நிற்கவில்லை. ஒவ்வொருவரும் ஒரு வேலையின் நடுவில் இருக்கிறார். அந்த ஆயிரக்கணக்கான படங்கள் இப்போது ஹார்வர்ட்-யென்சிங் நூலகத்தில் இருக்கின்றன.

அவருக்கு முன்னால் ஆஸ்வால்ட் சிரேன் என்ற ஸ்வீடன் அறிஞர் பெய்ஜிங்கின் மதில்களையும் வாசல்களையும் ஒன்றுவிடாமல் படம் எடுத்து 1924-இல் நூலாக வெளியிட்டார். அது அழகுக்காக எடுத்த நூல் என்றே அப்போது தோன்றியிருக்கும். 1949-க்குப் பிறகு மதிலை வைத்துக்கொள்வதா இடிப்பதா என்ற விவாதம் வந்தது. கட்டடக் கலைஞர் லியாங் சிச்செங், மதிலின் மேல்தளத்தைப் பூங்காவாக்கி மக்கள் உலவட்டும் என்று வரைபடம் போட்டுக் காட்டினார். அவர் பேச்சு எடுபடவில்லை. 1965-இல் சுரங்க ரயில் வேலை தொடங்கியதும் எஞ்சியிருந்த உள்மதிலும் போனது. இன்று அந்தத் தடத்தில் இரண்டாம் வட்டச் சாலை ஓடுகிறது. அடியில் ரயில் ஓடுகிறது. தென்கிழக்கு மூலைக் கோபுரம், தெஷெங்மென், என் சந்துக்குப் பக்கத்தில் நிற்கும் ச்சியேன்மென் போன்ற சிலவே தப்பின. மதிலின் முகத்தை அறிய விரும்புகிறவர்கள் சிரேனின் புத்தகத்தைத்தான் திறக்கிறார்கள்.

எது பழையது, எது புதியது, எதைப் படம் எடுக்கலாம் என்பது சீனாவில் அரசியல் வழக்காகவே ஆன காலமும் உண்டு. 1972-இல் இத்தாலிய இயக்குநர் ஆன்டோனியோனியைச் சீன அரசு அழைத்தது. அவர் பெய்ஜிங்கிலும் ஹெனான் கிராமங்களிலும் சூச்சோவிலும் நாஞ்சிங்கிலும் ஷாங்காயிலும் படம் எடுத்தார். 1974 ஜனவரியில் 'மக்கள் நாளிதழ்' அந்தப் படத்தைக் கடுமையாகக் கண்டித்தது. நாஞ்சிங்கில் யாங்சி ஆற்றின் மேல் 1968-இல் கட்டி முடித்த பெரும் பாலத்தைக் கம்பீரமாகக் காட்டாமல் கோணலாகக் காட்டிவிட்டார், புதிய சாதனைகளை விட்டுவிட்டுப் பழைய சந்துகளையும் சோர்ந்த முகங்களையும் தேடினார் என்பவை குற்றச்சாட்டுகள். படத்தைப் பார்த்தே இராத மக்கள் அதைக் கண்டித்துக் கூட்டம் போட்டார்கள். 2004-இல், நான் அங்கே போய்ச் சேர்ந்த அதே ஆண்டில்தான், அது பெய்ஜிங்கில் திரையிடப்பட்டது.

அந்தக் கண்டனத்தைப் பல வெளிநாட்டார் ஏளனத்தோடுதான் குறிப்பிடுகிறார்கள். அந்தப் பிரசாரத்தின் கொடுமையை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அதன் அடியில் ஓர் எளிய மனிதக் குரலும் இருப்பதாக எனக்குப் படுகிறது. 'நாங்கள் பாடுபட்டுக் கட்டியதை நீ ஏன் விட்டுவிட்டாய்?' ஆயி கேட்டது வேறு என்ன?

மாவோ இறந்த பிறகு வந்த படங்களில் லியு ஹியுங் ஷிங் 1981-இல் எடுத்தது பெயர் பெற்றது. அரண்மனை வளாகத்தில், தடித்த கோட்டுப் போட்ட இளைஞன் ஒருவன் கோக்கோ கோலா புட்டியைப் பிடித்துச் சிரிக்கிறான். ஹாங்காங்கில் பிறந்து சீனத்தை அறிந்தவர் லியு. அதனால்தானோ என்னவோ, அவர் படத்தில் புட்டியைவிட அந்த இளைஞனின் சந்தோஷம் முதலில் தெரிகிறது. 1979 ஏப்ரலில் பெய்ஜிங் சோங்ஷான் பூங்காவில் இளைஞர்கள் சிலர் தாங்களே கூடி, இயற்கை, சமூகம், மனிதன் என்ற தலைப்பில் கண்காட்சி வைத்தார்கள். கட்டளைக்குப் படம் எடுப்பதிலிருந்து விடுபட்ட முதல் மூச்சு அது. 1989-90-இல் சூ யோங் ஹூத்தோங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து 101 படங்களாக வெளியிட்டார். ஏறக்குறைய ஆளே இல்லாத சந்துகள். மழை நீர் தேங்கிய கல், பனி மூடிய ஓடு, மூடிய கதவு. இடிப்பு வேகம் எடுப்பதற்குச் சற்று முன்னால் வந்த புத்தகம் அது. சில ஆண்டுகளில் அவரே சந்துகளைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் சுற்றிக் காட்டும் சுற்றுலாவையும் தொடங்கினார்.

அதன் பிறகு சுவர்களில் ஓர் எழுத்து வந்தது. வெள்ளைச் சுண்ணாம்பால் வட்டம் போட்டு நடுவில் 'ச்சாய்'. இடி என்று பொருள். 1999-இல் வாங் ஜின்சோங் அந்த எழுத்தை மட்டும் நூறு சுவர்களில் எடுத்து ஒன்றாக அடுக்கினார். அதில் கிரேன் இல்லை, மூதாட்டி இல்லை. ஒவ்வொரு கையெழுத்தும் வேறு. ஒவ்வொரு சுவரின் செங்கல்லும் வேறு. நூறு வீட்டுப் பெயர்ப்பலகை மாதிரி அவற்றை வாசிக்கலாம்.

இந்த வரலாற்றின் மிகப் பெரிய பகுதியைப் பெயர் இல்லாதவர்கள்தான் எடுத்திருக்கிறார்கள். 2009-இலிருந்து தோமா சோவேன் என்ற பிரெஞ்சுக்காரர் பெய்ஜிங்கில் குப்பை மறுசுழற்சி செய்யும் ஒருவரிடமிருந்து நெகட்டிவ்களை எடைக்கு வாங்கத் தொடங்கினார். மருத்துவமனை எக்ஸ்ரேக்களோடு சேர்த்து வெள்ளி பிரித்தெடுக்க ரசாயனத்தில் கரைக்கப்பட இருந்தவை அவை. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் சேர்ந்தன. சுமார் 1985 முதல் 2005 வரை, ஃபிலிம் கேமரா வீட்டுக்கு வந்ததிலிருந்து டிஜிட்டல் அதைத் துரத்தும் வரை, சாதாரணக் குடும்பங்கள் எடுத்த படங்கள். அந்தத் தொகுப்பிலிருந்து வெளிவந்தவற்றைப் பார்த்தபோது எனக்கு ஆயியின் குரல் கேட்டது. பெண்கள் நல்ல உடை உடுத்திக் குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் நிற்கிறார்கள். தொலைக்காட்சியின் மேல் கை வைத்திருக்கிறார்கள். கடற்கரையில், பூங்காவில், மக்டொனால்ட்ஸ் கோமாளிப் பொம்மையின் தோளில் கை போட்டுச் சிரிக்கிறார்கள். நாம் சிரிக்க 'சீஸ்' சொல்வதுபோல் அவர்கள் 'ச்சியேஸ்' என்பார்கள். அதற்குக் கத்தரிக்காய் என்று பொருள். அந்தப் படங்களில் பழசும் புதுசும் மோதிக்கொள்ளவில்லை. இரண்டும் ஒரே அறையில் குடியிருக்கின்றன, தாத்தாவின் நாற்காலியும் புது டிவியும் நம் வீட்டுக் கூடத்தில் இருப்பதுபோல.

எங்கள் சந்திலும் 2006 வசந்தத்தில் வெள்ளை வட்டம் வந்தது. ஒலிம்பிக்ஸுக்கு முன்பாக ச்சியேன்மென் பகுதியைப் புதுப்பிக்கும் வேலை. ஆயி அழுது நான் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து என் கதவைத் தட்டினார். கையில் எஃகு அளவு நாடா.

"உன் கேமராவை எடுத்துக்கிட்டு வா. வீடு முழுக்க எடுக்கணும்."

இழப்பீடு சதுர மீட்டர் கணக்கில். அறைகளுக்குத் தாள் இருந்தது. 1976-இல் அவரும் கணவரும் கட்டிய சமையல்கட்டுக்கு எந்தத் தாளும் இல்லை. அது இருக்கிறது, முப்பது வருடமாகப் புழங்குகிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஒன்றரை ஆண்டாக நான் அந்த வீட்டின் கதவு வளையத்தையும் ஜன்னல் வெளிச்சத்தையும் எடுத்திருந்தேன். சமையல்கட்டை ஒரு முறைகூட எடுத்ததில்லை. ஃப்ளாஷ் போட்டு, 24 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு, சுவர் சுவராக எடுத்தேன். நாடாவின் ஒரு முனையை நான் பிடிக்க, மறு முனையை அவர் பிடிக்க, எண் தெரியும்படி ஒன்று. கரி வைத்த பழைய அடுப்பு, அதன் மேல் வைத்த காஸ் அடுப்பு. வெந்நீர்க் குடுவை. ஊறுகாய் ஜாடி. சார்ஜரில் செருகிய செல்போன். தாபெய் ஸ்டுடியோவில் எடுத்த மாமனார் மாமியார் படம். கட்டில், அடியில் காலணிப் பெட்டிகள். குழாயடி. நடுவில் ஆயி வாணலியைப் போட்டுத் தக்காளியும் முட்டையும் வதக்கத் தொடங்கினார். சமைக்கிற இடம் என்று பார்த்ததும் தெரியட்டும் என்றார். அந்த ஆவியோடு இரண்டு படம். வெளிச்சம், சட்டகம் எதையும் யோசிக்காமல் ஒரு வீட்டை முழுமையாகப் பார்த்தது என் வாழ்க்கையில் அன்றுதான்.

இரண்டு பிரதி போட்டோம். சமையல்கட்டில் பாதியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள் என்று பிறகு சொன்னார். நகரத்தின் தெற்கு விளிம்பில், ஆறாவது மாடியில் அவருக்கு வீடு கிடைத்தது. உள்ளேயே கழிப்பறை, குளிர்காலத்தில் குழாய் வழி வெப்பம். முழங்கால் வலிக்காரருக்கு அது பெரிய நிம்மதி. கோடையில் சந்து தரைமட்டமானது. புறாக்காரர் எங்கே போனார் என்று தெரியவில்லை. 2024-இல் பெய்ஜிங்கின் மைய அச்சு உலக மரபுச் சின்னம் ஆனதாகச் செய்தி படித்தேன். ச்சியேன்மென் வாசல் அதில் ஒன்று. வாசல் நிற்கிறது. எங்கள் சமையல்கட்டு இருந்த இடத்தை இனிக் காட்ட என்னிடம் உள்ள அந்த 36 படங்களைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அந்தச் சுருளின் கடைசிப் படத்துக்கு அவரே நிறுத்தச் சொன்னார். கையைக் கழுவினார், முடியை ஒதுக்கினார். பிளாஸ்டிக் உறையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் நேராக நின்று அதன் மேல் வலக்கையை வைத்தார். இரண்டு காதும் தெரிகிறது. பாதம் வரை முழு உருவமும் இருக்கிறது. முகத்தில் நிழல் இல்லை. 'ச்சியேஸ்' என்று சொன்னபோது நான் அழுத்தியது. படத்தின் பின்பக்கம் அவர் பென்சிலால் எழுதிய எண் இன்னும் அழியாமல் இருக்கிறது: 11.4 சதுர மீட்டர்.